பக்கத்துக்கு வெளியே நீ எழுதியது

மேசை இழுப்பறையில் பேனா தேடும்போது உன் கணினியின் லாக் கையில் தட்டுப்பட்டது. தீப்பெட்டி அளவு, சாம்பல் நிறம், ஒரு முனையில் இருபத்தைந்து ஊசிகள், மறுமுனையில் கருகல். மூக்கருகே கொண்டுபோனால் எரிந்த பிளாஸ்டிக் வாசனை இன்னும் லேசாக வருகிறது. உன் கடை விமலா கொடுத்தது. "உங்ககிட்டயே இருக்கட்டும் சார். இதப் பாத்தாலே அண்ணன் ஞாபகம் வந்துடுது" என்றாள். எதற்கும் உதவாத பொருள், தூக்கிப் போட மனம் வரவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மூன்று மாதமாக உனக்கு எழுத நினைத்து எழுதாமலே இருந்தேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். அப்படியே சொல்கிறேன்.

2004-ல் நான் கடலூரில் நிருபர். வியாழக்கிழமைகளில் சிதம்பரம் வருவேன். கீழ வீதியிலிருந்து பிரியும் சந்தில் உன் டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, மனு, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு எல்லாம் அடித்துக் கொடுப்பாய். நீயும் உதவிக்கு விமலாவும். நமக்குள் எந்த உறவும் கிடையாது. ஆனால் முதல் நாளிலிருந்தே நீ என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டாய். "மாமான்னு கூப்புட்டா வயசு ஜாஸ்தி தெரியும். மச்சான்னா சமமா இருக்கும்" என்றாய்.

நீ பயன்படுத்திய தமிழ் பக்க வடிவமைப்பு மென்பொருளைச் செய்த கம்பெனி அப்போதே மூடிவிட்டது. அதைத் திறக்கும்போது கணினியின் முதுகில் இந்த லாக் செருகியிருக்க வேண்டும். இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. திறந்தால் திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் தெரியும். பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வெற்றிடம். அங்கே எதை எழுதினாலும் திரையில் தெரியும், அச்சில் வராது. உன் தொழிலில் எல்லாரும் அந்த இடத்தைக் கழித்துப்போட்ட படங்களை வைக்கப் பயன்படுத்தினார்கள். நீ அங்கே குறிப்பு எழுதினாய். யார் வந்தார்கள், எத்தனை நகல், யார் கையில் கொடுத்தாய், என்ன தேதி. ஒரு மனுவின் ஓரத்தில் "பெரியவர் கை நடுங்குகிறது, கைநாட்டு வைக்கச் சொன்னேன்" என்று பார்த்திருக்கிறேன்.

"இதெல்லாம் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஒருத்தன் வந்து நான் குடுக்கலன்னுவான். இன்னொருத்தன் நான் வாங்கலன்னுவான். உன் பேப்பர்ல வராத நியூஸெல்லாம் இங்க இருக்கு மச்சான்."

2007-ல் உன் பழைய கணினி அடிக்கடி நின்றுபோனது. புதிய கணினியில் அந்த மென்பொருள் ஏறவில்லை. பத்து வருட வேலை அதற்குள் இருந்தது, வேறெதிலும் அந்தக் கோப்புகள் திறக்காது. நீ எங்கெங்கோ விசாரித்து, பழைய கணினியின் வட்டை அப்படியே நகலெடுத்து, புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக உட்காரவைத்தாய். புதிய திரையில் ஒரு சன்னல், அந்தச் சன்னலுக்குள் உன் பழைய கணினி முழுதாக, அதே பச்சை நிறப் பின்னணியோடு. எனக்குத் தலை சுற்றியது.

"அதுக்குத் தெரியாது மச்சான், தான் இன்னொருத்தன் வீட்டுல குடியிருக்கோம்னு. தனிக்குடித்தனம்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. நீ வாய் தவறிச் சொல்லிடாத" என்றாய். விமலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

2009-ல் ஒரு பகல் நேர இடியில் லாக் கருகியது. அந்த நேரத்தில் மென்பொருள் திறந்திருந்ததால் வேலை நிற்கவில்லை. அது திறக்கும்போது மட்டும்தான் லாக்கைத் தேடும், திறந்த பிறகு தேடாது. இதை நீ கண்டுபிடித்த அன்று எனக்கு போன் செய்தாய். குரலில் அவ்வளவு சந்தோஷம். "இனிமே இத மூடவே மாட்டேன். தூங்க மட்டும் வைப்பேன்" என்றாய். மெய்நிகர் கணினியை அணைக்காமல் அந்த நொடியிலேயே உறையவைக்க ஒரு வசதி இருந்தது. சாயங்காலம் உறையவைப்பாய், காலையில் எழுப்புவாய். உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு இடையில் ஒரு இரவு போனதே தெரியாது. இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒரே தடவை திறந்த மென்பொருளை வைத்துக் கடை நடத்தினாய்.

2011 புரட்டாசியில் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்த வருடக் கடைசியில் அடித்த புயலில் கடையின் ஓடு பறந்து கணினிமேல் தண்ணீர் கொட்டியது. விமலா அதைத் துடைத்து, அரிசிச் சாக்கால் மூடி ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு புதிய கணினி வாங்கிக் கடையைத் தொடர்ந்தாள்.

2012-ல், வெயில் காலத்தில், அவளே போன் செய்தாள். "சார், கலியமூர்த்தின்னு ஒருத்தர் வந்திருக்காரு. உங்களுக்கும் தெரிஞ்சவருதான். அண்ணனோட பழைய கம்ப்யூட்டர எழுப்பணும். தனியா செய்யப் பயமா இருக்கு, வந்துட்டுப் போங்க."

கலியமூர்த்தி. எனக்குத் தெரிந்தவர்தான். 2005 வெள்ளத்தில் புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் உடைந்து, சம்பா நடவும் இரண்டு தெருவும் முழுகின. மதகின் ஷட்டரை ஏற்றியிருந்தால் உடைப்பு வந்திருக்காது. அதை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியர், அங்கே லஸ்கர் என்பார்கள், கலியமூர்த்தி. நான் போனபோது மதகில் ஆள் இல்லை. அதிகாரியைக் கேட்டேன். "ஆளே இல்லை சார், பார்த்தீங்கல்ல?" என்றார். மறுநாள் என் செய்தி வந்தது. "லஸ்கரின் அலட்சியம்" என்ற சொற்கள் தலைப்பில் இருந்தன. செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் போட்ட தலைப்பு அல்ல, நான் எழுதி அனுப்பியதே அதுதான். அந்த வாரமே அவரை இடைநீக்கம் செய்தார்கள். பிறகு வேலையே போனது.

ஷட்டரின் திருகுத்தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கிறது, மழைக்கு முன் சரிசெய்ய வேண்டும் என்று தான் முன்பே மனு கொடுத்ததாக அவர் விசாரணையில் சொன்னார். அப்படி ஒரு மனு வரவே இல்லை என்றது அலுவலகம். உடைப்பு நேரத்தில் தான் மதகில் இல்லாததற்குக் காரணம், கடப்பாரைக்கும் ஆளுக்கும் ஊருக்குள் ஓடியதுதான் என்றும் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவர் வீட்டில் இருந்த நகல் அதே வெள்ளத்தில் போய்விட்டது. நீ அந்த மனுவை மறுபடி அச்செடுத்துக் கொடுத்தாய். "இதை நேத்து அடிச்சிருக்கலாமே" என்று விசாரணை அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விசாரணையில் நடந்ததை விமலா பின்னால்தான் சொன்னாள், ஆனால் அவர் மனு அடித்தது எனக்கு அப்போதே தெரியும், நீ சொன்னாய். 2005 கார்த்திகையில், என் செய்தி வந்த மறு வியாழக்கிழமை, டீயை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாய்: "அந்த ஆளு நம்ம கடையிலதான் மனு அடிச்சுட்டுப் போனாரு. ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கலாம்."

"மனு யாரு வேணா அடிக்கலாம். கொடுத்தாரான்னுதான் கேள்வி" என்றேன்.

நீ விமலாவிடம் காகிதக் கட்டை எடுக்கச் சொன்னாய். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆறு வருடம் நீ அதைத் திரும்ப எடுக்கவே இல்லை.

இப்போது அவருடைய மேல்முறையீட்டை விசாரிக்கப் புதிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். "பேப்பர் வேணாம். அடிச்ச கம்ப்யூட்டர்லயே காட்டுங்க, என்ன தேதின்னு நானே பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார். கலியமூர்த்திக்கு ஓய்வு வயது வர இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் பழைய உத்தரவு ரத்தாகாவிட்டால் அவர் கடைசிவரை வேலையிலிருந்து விரட்டப்பட்டவர்தான். பென்ஷன் போவது ஒரு பக்கம். ஊரில் அவர் வீட்டை இன்னும் "மதகத் தொறக்காதவன் வீடு" என்றுதான் சொல்கிறார்களாம். தபால்காரரே அப்படிக் கேட்டு வருகிறாராம்.

நான் கடைக்குள் நுழைந்ததும் அவர் எழுந்து நின்றார். மரியாதைக்கு எழுந்தாரே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. செய்தி எழுதியவன் என்ற வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் கணினி எழுந்தது, ஆனால் மெய்நிகர் கணினியை எழுப்பச் சொன்னதும் சூடேறி அணைந்துவிட்டது. மூன்று முறையும் அப்படியே. உள்ளே இருப்பதை எழுப்ப அந்தக் கணினியால் முடியாது, எடுத்துக் கொடுக்க மட்டும் முடியும். விமலா மேசை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராக வைத்து, கொஞ்சம் நகலெடுப்பது, ஆறவிடுவது, மறுபடி கொஞ்சம் என்று இரண்டு பகல் முழுக்க உட்கார்ந்து மொத்தக் கோப்பையும் ஒரு வெளி வட்டுக்கு மாற்றினாள். கலியமூர்த்தி வாசலில் உட்கார்ந்து விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் என் மடிக்கணினியில் ஏற்றினோம். எழுப்பியதும் ஒரு செய்தி வந்தது. உறையவைத்த கணினியின் பிராசசர் வேறு, இதன் பிராசசர் வேறு, எழுப்ப முடியாது. கீழே இரண்டு பொத்தான்கள். உறைந்த நிலையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று ஒன்று, அப்படியே வைத்திரு என்று ஒன்று. என் விரல் முதல் பொத்தானுக்குப் போய்விட்டது. புதிதாகத் தொடங்கினால் என்ன என்றுதான் நினைத்தேன். விமலா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். எட்டு வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அன்றுதான்.

"கைவிட்டா அது புதுசா எழுந்திருக்கும் சார். எழுந்ததும் லாக்கக் கேக்கும். லாக் செத்துப்போச்சு."

தூக்கம் கலையாமல் அதை வீடு மாற்ற வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. இன்னொரு நகல் எடுத்து வைத்தோம். விமலா வாங்கிய கடைக் கணினி, உன் கணினியைவிட நாலு வருடம் புதியது, ஆனால் அதே கம்பெனி பிராசசர். அதில் ஏற்றினாள். ஒரு கோடு மெல்ல நிரம்பியது. பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது. சட்டென்று அந்தப் பச்சை நிறம் வந்தது.

நீ கடைசியாக விட்டுப்போன சாயங்காலம் அங்கே அப்படியே இருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை. மணமகன் பெயர் இருந்தது, மணமகள் பெயருக்கு இடம் காலியாக இருந்தது, அந்த இடத்தில் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் உன் குறிப்பு: "பெண் வீட்டார் நாளை வருவார்கள்." மூலையில் இருந்த கடிகாரம் ஆறு மணி நாற்பதைக் காட்டி, நாங்கள் பார்க்கும்போதே நாற்பத்தொன்றுக்கு மாறியது. நீ செத்த நாளின் சாயங்காலம் என் கண்முன்னே ஒரு நிமிடம் நகர்ந்தது. விமலா வெளியே போய் நின்றுகொண்டாள்.

திரும்பி வந்து கலியமூர்த்தியின் மனுவைத் தேடித் திறந்தாள். தேதி சரியாக இருந்தது. வெள்ளத்துக்குப் பதினாறு நாள் முன்பு. ஷட்டர், திருகுத்தண்டு, துரு, எல்லாம் அவர் சொன்னபடியே. பக்கத்தைச் சிறிதாக்கினாள். வெள்ளைத் தாளுக்கு வலப்புறம், சாம்பல் நிறத்தில், உன் குறிப்பு தெரிந்தது. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டாமல்:

"3 நகல். ஒன்று ஆபீஸில் அவரே கொடுத்தார், சீல் வாங்கத் தெரியவில்லை. ஒன்று அவரிடம். ஒன்று கவரில் போட்டு மஞ்சக்குப்பம் டீக்கடையில் மச்சானிடம் நேரில் கொடுத்தேன். பையில் வைத்தான். படிப்பான்."

இரண்டாவது முறை படித்தேன். உன் குறிப்புகளில் மச்சான் என்றால் ஒரே ஆள்தான். குறிப்பின் கீழே போட்டிருந்த தேதி, மனு அடித்ததற்கு மறுநாள். அதாவது கரை உடைந்தபோது அந்த மனு என் பையில் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் மதகுக்குப் போனேன். பையை மடியில் வைத்துக்கொண்டுதான் "அலட்சியம்" என்று எழுதினேன்.

எனக்கு நினைவில்லை. இன்றுவரை நினைவில்லை. அந்த டீக்கடை நினைவிருக்கிறது, கடலூர் வரும்போதெல்லாம் அங்கே நீ எனக்கு எத்தனையோ கவர் கொடுத்திருக்கிறாய். இந்த ஒன்று மட்டும் வரமாட்டேன் என்கிறது. வீட்டில் பழைய காகிதக் கட்டுகளை இரண்டு நாள் புரட்டினேன். இல்லை. எடைக்குப் போட்ட மூட்டைகளில் போயிருக்கும்.

அதைவிட மோசமானது பிறகு வந்தது. மனு என் கையில் இருந்தது உனக்குத் தெரியும். "கொடுத்தாரான்னுதான் கேள்வி" என்று நான் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னபோதும் உனக்குத் தெரியும். நீ வாய் திறக்கவில்லை. ஆறு வருடம், எத்தனை வியாழக்கிழமை, எத்தனை டீ. அந்த மனிதர் வேலை போய், ஊரில் பெயர் கெட்டு அலைந்துகொண்டிருந்தார். நீ எனக்கு வடை பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

விசாரணை நாளன்று விமலா கணினியைப் போர்வையில் சுற்றி, கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பி.முட்லூர் தாண்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரைத் திட்டினாள். "உள்ள ஒரு ஆளு தூங்குறாரு அண்ணே, மெதுவா போங்க" என்றாள். டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

அதிகாரி மனுவைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். "தேதியை மாத்த முடியாதா?" என்று கேட்டார். விமலா ஒளிக்கவில்லை. "முடியும் சார்" என்றாள். அவர் முகம் மாறியது. பிறகு ஓரக் குறிப்பைப் படித்தார். வேறு நாலைந்து கோப்புகளைத் தன் விருப்பப்படி திறக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீ இருந்தாய்.

"இந்த மச்சான் யாரு?"

"நான்தான்" என்றேன்.

"கவர் வாங்குனீங்களா?"

கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நினைவில்லை என்பது உண்மை. முப்பது வருடமாக, தெரிந்ததை மட்டும் சொல்லிப் பழகியவன் நான். அன்று அந்த உண்மையை மட்டும் சொன்னால் அவருக்கு அதுதான் முடிவு. என் செய்தி அப்படித்தான் இருந்தது. மதகில் ஆள் இல்லை என்பதும் உண்மைதான்.

"எனக்கு ஞாபகம் இல்லை சார். ஆனா இதை எழுதினவன் ஓரத்துல எழுதின ஒன்னுகூடத் தப்பா இருந்து நான் பார்த்ததில்லை. கொடுத்தேன்னு அவன் எழுதியிருந்தா நான் வாங்கியிருக்கேன். படிக்கல. படிக்காம இவரப் பத்தி எழுதினேன். எழுதித் தரேன், கையெழுத்துப் போடறேன்."

ஒரு நிருபர் தன் செய்திக்கு எதிராகத் தானே எழுதித் தருவதை அதுவரை பார்த்ததில்லை என்றார் அவர். இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. நீக்கம் ரத்து, பணி தொடர்ச்சி. கலியமூர்த்தி கடைசி இருபத்தொரு நாள் அதே மதகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். என் பேப்பரில் நான் எழுதிய திருத்தம் உள்பக்கத்தில் வந்தது. அதில் என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது இது இல்லை. விசாரணை முடிந்த அன்று, வெளியே புங்கமரத்தடியில், கலியமூர்த்தி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சார், மனுவுல ஒன்னு உங்ககிட்ட குடுத்திருக்கேன்னு அவுரு அப்பவே எங்கிட்ட சொன்னாரு."

"அப்பவே தெரியுமா? ஏன் விசாரணையில சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க படிச்சிட்டுத்தான் அப்படி எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன். ஆபீஸ்காரங்களோட நீங்களும் ஒன்னுன்னு நெனச்சேன். அவுருகிட்ட கேட்டதுக்கு, அவன் அப்படிப்பட்டவன் இல்ல, ஏதோ ஆயிடுச்சு, அவன இழுக்காதீங்கன்னாரு. அவுரு சொன்னதால விட்டுட்டேன்." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "படிக்கவே இல்லயா சார்?"

"இல்லைங்க."

"அது தெரிஞ்சிருந்தா நானே வந்து படிச்சிக் காட்டியிருப்பேனே" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. துளி கோபமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. நீ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டாய். அதனால் அவர் ஆறு வருடம் என்னை அயோக்கியன் என்று நினைத்து, தன் கையில் இருந்த ஒரே சாட்சியைத் தொடாமல் இருந்தார். நான் அயோக்கியன் இல்லை, வெறும் சோம்பேறி என்று நீ அவரிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். அவர் கடலூர் பஸ் ஏறியிருப்பார். என்னிடம் சொல்லியிருந்தாலும் போதும். சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை நீ என்னை என்னைவிடச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தாய் போல.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை இறக்கிவைக்க நீ இல்லை. இப்போதெல்லாம் யாராவது ஒரு தாளை நீட்டினால், கொடுத்தவரை நிற்கச் சொல்லி அவர் முன்னாலேயே முழுதும் படிக்கிறேன். பஸ் போய்விடுகிறது, அவர்கள் சங்கடப்படுகிறார்கள், "வீட்டுக்குப் போய்ப் பாருங்க சார்" என்கிறார்கள். படித்து முடித்ததும் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்: படிச்சிட்டேங்க.